உட்கார்ந்து கேட்க வேண்டிய சேதி

எங்கள் வீட்டுக் கூடத்தில், போன் சார்ஜர் சொருகுகிற இடத்துக்குக் கீழே ஒரு மர ஸ்டூல் கிடக்கிறது. உயரம் கம்மி. ஒரு கால் சற்றுக் கட்டை என்பதால் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறோம். அதன்மேல் துவைத்த துணியை வைக்கக் கூடாது, தண்ணீர்க் குடத்தை வைக்கக் கூடாது, பரண்மேல் இருப்பதை எடுக்க யாரும் அதில் ஏறி நிற்கவும் கூடாது. ஹெப்பகோடியில் இந்த வீட்டைக் கட்டி, ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்த அன்றைக்கு, மற்ற சொந்தக்காரர்கள் சுவர்க் கடிகாரமும் மாதா படமும் கொண்டுவந்தார்கள். என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவி, இந்த ஸ்டூலை சந்தாபுராவிலிருந்து பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தார். அப்போது எங்கள் வீட்டில் வயர் போன். அதைச் சுவரில் மாட்டியிருந்தோம். அவர் நேராகப் போய் அதன் கீழே ஸ்டூலைப் போட்டு, உட்கார்ந்து பார்த்து, கை எட்டுகிறதா என்று ரிசீவரை எடுத்துப் பார்த்தார். "நல்ல சேதிய எப்படி வேணும்னாலும் கேட்டுக்கலாம்டி. மத்தத ஒக்காந்துதான் கேக்கணும்" என்றார். விருந்தாளிகள் சிரித்தார்கள். புதுவீட்டில் இப்படிப் பேசுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் அதிகம். வாசலில் செருப்புச் சத்தம் வேகமாகக் கேட்டாலே கை ஜெபமாலையைத் தேடும்.

அக்காவை நான் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை வாடி போடி என்பார். அவர் போன் பண்ணினால் 'ஹலோ' சொல்லமாட்டார். நாம் போனை எடுத்த உடனே, மூச்சு விடுவதற்கு முன்னால், "எல்லாரும் சொகம்" என்பார். அதற்குப் பிறகுதான் "நான்தான் பேசறேன்." அதற்கும் பிறகுதான் விஷயம். விஷயம் ஒன்றும் பெரிதாக இருக்காது. இட்லிக்கு உளுந்து எவ்வளவு போட்டாய், ஞாயிற்றுக்கிழமை எந்தப் பூசைக்குப் போகிறாய், இவ்வளவுதான். "அண்ணி போன் பண்ணா ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரியே இருக்குது" என்று என் கணவர் கிண்டல் செய்வார். "தலைப்புச் செய்தி, எல்லாரும் சொகம். விரிவான செய்தி, உளுந்து அரக்கிலோ." அக்கா விடமாட்டார். "ஒனக்கு இன்னாப்பா தெரியும், நீ பூமிக்கு மேல வேல செய்யறவன்" என்பார்.

அவர் பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். பூமிக்கு அடியில் பாறை வெடித்தால் மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அலமாரிப் பாத்திரங்கள் குலுங்கும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். பாத்திரம் குலுங்கினால் தெருவில் உள்ள பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றுவிடுவார்களாம். ஒருத்தியும் இன்னொருத்தியிடம் பேசமாட்டாளாம். எல்லோர் கண்ணும் தெருக்கோடியில் இருக்குமாம், யார் வருகிறார், யார் வீட்டுப் பக்கம் திரும்புகிறார் என்று. அப்படி ஒரு நாள் பாத்திரம் குலுங்கியபோது, அக்காவின் அம்மா சோற்றுப் பானையைச் சாய்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தார். இறக்கி வைத்துவிட்டு வெளியே போகத் தோன்றவில்லை, பயத்தில் கை பானையோடு அப்படியே ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். நல்ல மனுஷன், உதவி செய்யத்தான் ஓடிவந்தார். "ஒம் புருஷன்..." என்று ஆரம்பித்தவர், ஓடிவந்த களைப்பில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அவர் சொல்ல வந்தது, ஒம் புருஷன் நல்லா இருக்கான், கையில சின்னக் காயம், பின்னால நடந்து வந்துக்கினு இருக்கான் என்பது. அந்த அம்மா முதல் இரண்டு வார்த்தையோடு பானையை விட்டுவிட்டார். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அப்பா வீட்டுக்குள் நுழைந்தபோது, அவர் நன்றாகத்தான் இருந்தார். வெந்துபோயிருந்தது அம்மாவின் இரண்டு காலும். "எங்கப்பாவுக்குச் சொரங்கத்துல ஒண்ணும் ஆவல. அந்தாளு மூச்சு வாங்குன நேரத்துலதான்டி எங்கம்மா வெந்து போனாங்க" என்று அக்கா சொல்லும்போது, ஏதோ நேற்று நடந்ததுபோலத் தன் முழங்காலைப் புடவையால் மூடிக்கொள்வார்.

அதிலிருந்து அவர் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். எல்லோரும் நன்றாக இருந்தால் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். நன்றாக இல்லையென்றால், அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது, பொய்யாகக்கூடச் சொல்லக் கூடாது. "ஒக்காரு" என்று சொல்ல வேண்டும். பிறகு யாருக்கு என்று பேரைச் சொல்ல வேண்டும், பிறகுதான் என்ன ஆனது என்பது. "பேர முதல்ல சொல்லிடணும்டி. இல்லன்னா கேக்கறவ அந்த ஒரு நொடியில வூட்டுல இருக்கற அத்தன பேரையும் சாவடிச்சிட்டு, அப்புறம் ஒவ்வொருத்தரா எழுப்பி உக்கார வெப்பா." எனக்குப் படிப்பு கம்மி. ஆனால் சம்மனசு, அதாவது தேவதூதர், மாதாவிடம் சேதி கொண்டுவந்தபோது முதலில் பயத்தை எடுத்துவிட்டுத்தான் பேசினார் என்று கோயில் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு அக்கா ஞாபகம்தான் வரும்.

என் அப்பா இறந்த சேதியை அக்காதான் எனக்குச் சொன்னார். போனில் இல்லை, நேரில் வந்தார். கதவைத் திறந்ததும் ஒன்றும் சொல்லாமல் என்னைத் தாண்டிச் சமையலறைக்குப் போய், அடுப்பை அணைத்தார். குழம்புச் சட்டியை இறக்கி ஓரமாக வைத்தார். அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை என்பது அப்போதே என் காதில் விழுந்துவிட்டது. சொல்லாத வார்த்தை அப்படிக் காதில் அடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். என் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்து, அவர் தரையில் என் முன்னால் உட்கார்ந்தார். "ஒங்கப்பா" என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "காலையில. தூக்கத்துலயே. கஷ்டப்படல." பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லை. அழுது முடித்துத் திரும்பிப் பார்த்தால், என் பையில் ஒரு புடவையை மடித்து வைத்துவிட்டு, வாசலில் ஆட்டோவையும் நிறுத்தியிருந்தார்.

மொபைல் வந்தபிறகு அக்காவுக்கு ஊரோடு சண்டை. அவர் மகள், எங்கள் எல்லோருக்கும் பாப்பா, கல்யாணமாகி ஒயிட்ஃபீல்டு பக்கம் போனபிறகு ஒரு தடவை 'அர்ஜென்ட், கால் பண்ணு' என்று அம்மாவுக்கு மெசேஜ் போட்டுவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குள் போய்விட்டாள். அக்கா திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, எடுக்கவில்லை என்று எனக்குக் கூப்பிட்டு, நானும் பாப்பாவுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் விஷயம், அம்மா வீட்டுக் குக்கருக்கு எந்த அளவில் ரப்பர் வாங்க வேண்டும் என்பது. "அர்ஜென்ட்னு எழுதிட்டு போன எடுக்காம இருக்கறது கொலபாதகம்டி, கோயில்ல போயி பாவசங்கீர்த்தனம் பண்ணு" என்று மகளைப் பிடித்துக் காய்ச்சினார். பாப்பா சிரித்துக்கொண்டே, "மம்மி, குக்கர் சொகம், ரப்பர்தான் போயிட்டது" என்றாள். அதற்கப்புறம் பாப்பாவும் அம்மா மாதிரியே பேசப் பழகிவிட்டாள். அவளும் போனில் முதலில் சொகத்தைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வாள்.

போன வருஷத் தவக்காலத்தில் ஒரு முற்பகல். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. போனில் அக்கா பேர் வந்தது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்துக் காதில் வைத்தேன். அந்த இடத்தில் வர வேண்டிய வார்த்தை வரவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கிரைண்டரை எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை, வீடு முழுக்கச் சத்தம் அடங்கிப்போனது. என் கணவர் காலையில் ஓசூர் ரோட்டில் ஸ்கூட்டரில் கம்பெனிக்குப் போயிருந்தார். முதலில் அவரைச் சாவடித்தேன். பிறகு என் மகனை. பிறகு பாப்பாவை, அவள் வயிற்றில் இருந்த குழந்தையை. பாப்பா அப்போது ஏழு மாசம். அதற்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்ததால் எங்கள் வீட்டில் அவளிடம் யாரும் குரல் உயர்த்திக்கூடப் பேசுவதில்லை.

"ஒக்காரு" என்றார் அக்கா.

உட்கார்ந்தேன். "ஒக்காந்துட்டேன்கா" என்று சொன்னது என் குரல் மாதிரியே இல்லை.

"எனக்குத்தான்" என்றார். நாக்கு குழறியது. "வாயி இழுக்குது. கை வரல. சாவி பக்கத்து வூட்ல." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். "பாப்பாவுக்கு நீ சொல்லு. ஒழுங்கா சொல்லு." அவ்வளவுதான். போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது. தனியாக இருக்கிற பெண். அவர் கணவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. வாய் கோணிக்கொண்டு போகிற நேரத்திலும், 'எல்லாரும் சொகம்' என்று பொய் சொல்லாமல், என்னை உட்கார வைத்து, பேரை முதலில் சொல்லிவிட்டுத்தான் விழுந்திருக்கிறார்.

பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாவுக்குப் போன் பண்ணிக் கதவைத் திறக்கச் சொன்னேன். ஆம்புலன்ஸை அவரே கூப்பிடுகிறேன் என்றார். தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்தேன். ஆட்டோவில் ஏறினதும் என் கணவருக்குச் சொன்னேன், அக்கா சொல்லுகிற முறையில்தான் சொன்னேன். உட்காருங்க, அண்ணிக்கு, வாய் இழுத்துக்கொண்டது, உயிர் இருக்கிறது, நான் போய்க்கொண்டிருக்கிறேன், நீங்களும் வாங்க. பாப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று என் மனதுக்குள் வார்த்தையை அடுக்க ஆரம்பித்தேன். முதலில் மாப்பிள்ளைக்குச் சொல்லி, அவர் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் இருக்கும்போது சொல்லலாம் என்று அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ரோட்டில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. "ஏனாயித்தம்மா?" என்று ஆட்டோக்காரர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டார். ஜெபமாலையை எடுத்தேன், மணி நகரவில்லை, ஒரே மணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது போன் டிங் டிங்கென்று அடிக்கத் தொடங்கியது. எங்கள் அன்பியத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அன்பியம் என்றால் கோயிலில் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து வாரா வாரம் ஜெபம் சொல்லுகிற கூட்டம். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் அங்கேதான் எழுதுவோம், எங்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. என் கணவரும் அப்படித்தான் எழுதியிருந்தார். 'அண்ணிக்கு ஸ்ட்ரோக். ரொம்ப சீரியஸ். எல்லாரும் ஜெபம் பண்ணுங்க.' கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பாப்பா கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் கோயில் பாடற்குழுவில் பாடினவள். அந்தக் குரூப்பிலிருந்து அவள் போகவே இல்லை.

கணவருக்குப் போன் போட்டேன். "அத அழிங்க" என்றேன்.

"எத? ஜெபம் கேட்டது தப்பா?"

"ஜெபம் தப்பில்லங்க. பாப்பா அதுல இருக்கறா."

"மாதாவே" என்றார். கொஞ்ச நேரத்தில் அந்தச் செய்தி குரூப்பில் இருந்து போய்விட்டது. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற ஒரு வரி அங்கே நின்றது. தப்பித்தோம் என்று நான் மூச்சு விடப் போனபோதுதான் கண்ணில் பட்டது, கைகள் அப்படியே இருந்தன. ஒன்றன்கீழ் ஒன்றாக, பேர் தெரிந்த, முகம் தெரிந்த எல்லோருடைய கூப்பிய கைகளும். யாருக்காக என்ற பேர் மட்டும் இல்லாமல். அக்கா என்னவெல்லாம் கூடாது என்று சொன்னாரோ, அதைத்தான் நாங்கள் செய்து வைத்திருந்தோம். அதைப் பார்ப்பவள் எத்தனை பேரைச் சாவடிப்பாள்? தன் அப்பா இறந்தபோதுகூட இப்படித்தான் கைகள் வந்ததைப் பார்த்தவள். பாப்பாவுக்குப் போன் போட்டேன். பிஸியாக இருந்தது. யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். யார், என்ன சொல்கிறார்கள், மூச்சு வாங்கிக்கொண்டு சொல்கிறார்களா? அவள் நின்றுகொண்டிருக்கிறாளா? மாடிப்படியில் இருக்கிறாளா, அடுப்படியில் கொதிக்கிற எதன் பக்கத்திலாவது இருக்கிறாளா? நான் பார்த்தே இராத அந்தத் தங்கவயல் வீட்டுச் சோற்றுப் பானை என் கண்ணுக்கு முன்னால் சாய்ந்துகொண்டே இருந்தது. ஆண்டவரே, அவள் காலைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டேன். வயிறு என்று சொல்ல நினைத்தும் வாயில் கால் என்றுதான் வந்தது.

போன் அதிர்ந்தது. பாப்பாதான். எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள். குரல் மெலிந்து, ஆனால் நிதானமாக இருந்தது.

"சித்தி, நானும் வயித்துல இருக்கறதும் சொகம். நான் கட்டிலுமேல ஒக்காந்துட்டேன். இவரு பக்கத்துல இருக்காரு. இவருகிட்டதான் போன்ல பேசிக்கினு இருந்தேன், கீழ இருந்தவரு ஓடி வந்துட்டாரு. எல்லாரும் கைய கூப்பறாங்க, யாருக்குன்னு தெரியல. பேர சொல்லுங்க சித்தி."

நான் வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வார்த்தை ஒன்றும் தேவைப்படவில்லை. "ஒங்கம்மா" என்றேன். அவளுடைய அம்மா எனக்குச் செய்ததுபோல ஒரு நொடி விட்டேன், அவள் அதைப் பிடித்துக்கொள்ள. "உசிரோட இருக்காங்க. அவங்களே எனக்கு போன் பண்ணாங்க. ஒனக்கு ஒழுங்கா சொல்லணும்னு சொன்னாங்க." அந்தப் பக்கம் அழுகை வந்தது. நல்ல அழுகை, உட்கார்ந்து, ஒருவர் தோளில் சாய்ந்து அழுகிற அழுகை. அழுகைக்கு நடுவில் "மம்மி ஒக்காருன்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள். "சொன்னாங்கம்மா" என்றேன். "அப்போ புத்தி தெளிவாத்தான் இருக்காங்க" என்றாள். ஆட்டோ அதற்குள் சந்தாபுராவுக்குள் நுழைந்திருந்தது.

அக்கா பிழைத்தார். பேச்சு திரும்பவில்லை. வலது கை அரைகுறையாக வந்தது, வலது கால் வரவில்லை. பாப்பாவுக்கு மாசம் முடிந்து நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. இப்போது அக்கா அவள் வீட்டில்தான் இருக்கிறார், சக்கர நாற்காலியில். அவருக்கு இனிமேல் யாரும் உட்காரச் சொல்ல வேண்டியதில்லை. எங்களையெல்லாம் உட்கார வைத்துச் சேதி சொன்னவர், எந்தச் சேதி வந்தாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக எப்போதும் உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் போன் பண்ணுவதை அவர் விடவில்லை. பாப்பா அவர் போனில் என் படத்தைப் பெரிதாக வைத்திருக்கிறாள், இடது விரலால் அழுத்தினால் போதும். அக்கா பேர் வரும்போதெல்லாம் அந்த முற்பகல் திரும்பி வந்துவிடுகிறது. கிரைண்டரையோ மிக்சியையோ நிறுத்துகிறேன். ஸ்டூலில் போய் உட்காருகிறேன். உடனே எடுப்பதில்லை. மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே என் வீட்டு ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன். என் கணவர் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்து பேசிவிட்டாரா, மகன் சாப்பிட்டானா, அவனுடைய காய்ச்சல் விட்டதா என்று. ஏனென்றால் இப்போது அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவள் நான். அது உண்மையாக இருந்தால்தான் சொல்ல வேண்டும்.

எடுத்ததும் மூச்சுச் சத்தம் கேட்கும். "எல்லாரும் சொகம்கா" என்பேன். பிறகு காத்திருப்பேன். அவர் சொகம் என்றால் போன்மேல் விரல் நகத்தால் இரண்டு முறை தட்ட வேண்டும் என்பது பாப்பா ஏற்படுத்திய வழக்கம். அந்தத் தட்டு சில நாள் சீக்கிரம் வருகிறது, சில நாள் நேரம் எடுக்கிறது. நேற்று ரொம்ப நேரம் எடுத்தது. ஸ்டூலின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கட்டைக் கால் அட்டைமேல் ஆடுவதைக் கேட்டுக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்தேன். அக்கா தட்டினார். பிறகு இன்னொரு முறை தட்டினார்.